பென்ஷன் வந்த பிறகு: முன்னாள் சுபேதார் பதில்கள்

(ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்ற வேலூர் மாவட்டக்காரர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, 17 வருஷ சர்வீஸ் முடித்து பென்ஷனில் வந்துவிட்டேன். வயது 37, படிப்பு பத்தாவது. ஏ.டி.எம். வாசலில் உட்காரும் வேலைதான் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், குடியாத்தம்

சொல்கிறவர்கள் விதியைப் படித்திருக்க மாட்டார்கள் தம்பி. பத்தாம் வகுப்போடு 15 ஆண்டு சேவையும் இருந்தால், மத்திய அரசின் குரூப் சி பணிகளில் பட்டம் கேட்கும் இடங்களுக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பத் தகுதியோ அனுபவமோ கட்டாயமான வேலைகள் மட்டும் இதில் சேராது. வயதுக் கணக்கும் நமக்குச் சாதகம். 37-ல் சேவைக்காலம் 17-ஐக் கழித்தால் 20. அந்த 20, வேலைக்கான வயது வரம்பை 3 ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். வரம்பு 27 என்றால் உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. குரூப் சி-யில் நமக்கு மத்திய அரசு அலுவலகங்களில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். கணக்கையும் ஆங்கிலத்தையும் இப்போதே தூசு தட்டுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இந்த ஒதுக்கீட்டில் அரசு வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டால் மறுபடி கேட்க முடியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் வேலையில் சேர்வதற்கு முன்பே எங்கெங்கு விண்ணப்பித்தீர்கள் என்று தேதிவாரியாக எழுதி, சேர்ந்த உடனே அந்த அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள வேலை எதுவும் பின்னால் கிடைத்தால் சலுகையோடு போகலாம். ஆகவே தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் முதலிலேயே போட்டுவிடுங்கள். தனியார் செக்யூரிட்டி வேலை இந்தக் கணக்கில் வராது. வீட்டுச் செலவுக்கு அதில் சேர்ந்தாலும் ஒதுக்கீடு போய்விடாது.

இதற்கெல்லாம் முன்னால் டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டை வாங்குங்கள். வேலைக்கும் அங்கேயே பதியலாம். மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே படைப் பதிவிலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் பின்னாளில் குடும்ப பென்ஷனுக்கு அலைய வேண்டியது உங்கள் மனைவிதான். இப்போது திருத்துவது சுலபம்.

சுபேதார் ஐயா, என் கணவர் வந்து ஏழு மாதம் ஆகிறது. விடியற்காலை நாலரைக்கு எல்லோரையும் எழுப்புகிறார். செருப்பு கோணலாக இருந்தால் சத்தம். மற்ற நேரம் பேச்சே இல்லை, ராத்திரி தூங்குவதும் இல்லை.
- வாசகி, ஆரணி

செருப்பு விஷயம் சரியாகிவிடும் அம்மா. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் விருந்தாளி மாதிரி வந்து போனவர், இப்போது தினமும் இருக்கிறார். அவர் இல்லாமலே நீங்கள் வீட்டை நடத்திப் பழகிவிட்டீர்கள். அவர் எதை எடுத்தாலும் அது ஏற்கெனவே உங்கள் பொறுப்பில் இருக்கிறது. வீட்டு வரி, நிலம், பையனின் ஸ்கூல் என்று ஏதாவது ஒன்றை முழுதாக அவரிடம் விட்டுவிடுங்கள். தப்பாகச் செய்தாலும் குறுக்கே போகாதீர்கள்.

தூக்கம் இல்லாதது வேறு விஷயம், அதை ஆறப்போடாதீர்கள். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அங்கே போக அவர் கூச்சப்பட்டால் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம். ராணுவ கேன்டீன் சரக்கு தூக்க மருந்து ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் போனவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

கம்யூட்டேஷன் பணம் மொத்தமாக வந்தது. மச்சான் செங்கல் சூளை போடலாம் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், காட்பாடி

கொடுக்காதீர்கள். அது இனாமாக வந்த பணம் இல்லை. உங்கள் பென்ஷனில் ஒரு பங்கை (பாதி வரை விற்கலாம்) முன்கூட்டியே வாங்கியிருக்கிறீர்கள், முழு பென்ஷன் திரும்ப 15 ஆண்டு ஆகும். சொந்தமாகத் தொழில் செய்யும் எண்ணம் உங்களுக்கே இருந்தால் தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை விசாரியுங்கள். 1 கோடி ரூபாய் வரை கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் அதில் உண்டு. மச்சானிடம் பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

மகன் அக்னிவீர். 4 ஆண்டில் திரும்பினால் கேன்டீன், இ.சி.எச்.எஸ். கிடைக்குமா?
- வாசகர், திருப்பத்தூர்

கிடைக்காது, பென்ஷனும் இல்லை. கையில் வருவது சேவா நிதி என்று 4 ஆண்டு முடிவில் மொத்தமாகத் தரும் தொகை, சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். பத்தாவதோடு போயிருந்தால், பணியில் இருக்கும்போதே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க திறந்தநிலைப் பள்ளி மூலம் ஏற்பாடு இருக்கிறது. அடுத்த தடவை போன் செய்யும்போது அதைப் பற்றிக் கேளுங்கள்.