வாசகர் கேள்வி – பதில்: பெரிய கெண்டைக்கு என்ன இரை?

கேள்வி: கந்தளாய்க் குளத்தில் கோதுமை மாவை உருட்டிப் போடுகிறேன். தங்கூசி நூல் இரண்டு தரம் துடிக்கும்; இழுத்தால் வெறும் தூண்டில்தான் வரும். ஆனால் பெரிய கார்ப் கெண்டை புரளுவது கரையிலிருந்தே தெரிகிறது. இரையில் பிழையா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: இரையிலும் பிழை, தூண்டிலில் கோத்த விதத்திலும் பிழை. வெறும் மா உருண்டை நம் குளத்துச் சூட்டுத் தண்ணீரில் சீக்கிரம் குழைந்துவிடும். மிச்சத்தைத் திலாப்பியாக் குஞ்சுகள் கொத்தித் தீர்த்துவிடும். நீங்கள் பார்க்கும் துடிப்பு பெரும்பாலும் அவற்றின் வேலைதான்.

இரையை அவித்து இறுக்குங்கள். கோதுமை மா 200 கிராம், குரக்கன் மா 100 கிராம், அரித்தெடுத்த தேங்காய்ப் புண்ணாக்குத் தூள் 100 கிராம், சீனி ஒரு மேசைக்கரண்டி. நாலு முட்டையை அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். 15 மில்லிமீற்றர் உருண்டைகளாக்கி, கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, நிழலில் ஒருநாள் உலர்த்துங்கள். புண்ணாக்கை அரிக்காமல் போட்டால் கட்டி இருக்கும் இடத்தில் உருண்டை வெடிக்கும். குளத்துக்குப் போக முன் ஒன்றை ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் போட்டுப் பாருங்கள். கரைந்தால் முட்டை போதவில்லை.

அடுத்தது தூண்டில். கார்ப்புக்குத் தாடையில் பல் இல்லை, அரைக்கும் பல் தொண்டைக்குள் இருக்கிறது. இரையை உறிஞ்சும், வாய்க்குள் பிரித்துப் பார்க்கும், பிடிக்காததை உடனே துப்பும். தூண்டிலை இறுகிய உருண்டைக்குள் புதைத்தால் கூர் வெளியே வரமுன் உருண்டை வெளியே வந்துவிடும். ஆகவே கூர் வெறுமையாக இருக்க வேண்டும். 6ஆம் இலக்கத் தூண்டிலைக் கட்டும்போது தங்கூசியின் மிச்ச நுனியை வெட்டாமல் 4 சென்ரிமீற்றர் விட்டு, முனையில் சிறு கண்ணி போடுங்கள். ஊசியால் அந்தக் கண்ணியை உருண்டைக்கு ஊடாக மறுபக்கம் இழுத்து, கண்ணிக்குள் ஓர் ஈர்க்குத் துண்டைச் செருகினால் உருண்டை கழராது. தூண்டில் வளைவுக்கும் உருண்டைக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது; நீண்டால் இரை மட்டும் வாய்க்குள் போகும்.

ஈயம் 60 முதல் 80 கிராம். அதன் பாரத்தில்தான் தூண்டில் உதட்டில் குத்தும். ஈயத்தை முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டாம். தங்கூசியில் கோத்து, பின்னால் சைக்கிள் வால்வு ரியூப் துண்டால் இறுக்கினால் போதும். தங்கூசி அறுந்தாலும் ஈயம் உருவிக்கொள்ளும், மீன் அதை இழுத்துக்கொண்டு திரியாது.

கேள்வி: மீனைக் கூட்டுவதற்குத் தூவும் இரை எவ்வளவு?
– வாசகர், கிண்ணியா

பதில்: நீங்கள் நினைப்பதில் பாதி. ஒரு கிலோ தவிட்டில் அரைக் கிலோ புண்ணாக்கைக் கலந்து, பிடித்தால் பிடிபடும் அளவுக்கு நனைத்து, தோடம்பழ அளவில் ஐந்தாறு உருண்டைகள் ஒரே இடத்தில். வயிறு நிரம்பிய மீன் தூண்டில் பக்கம் திரும்பாது. சோளமும் தூவலாம், ஆனால் ஒருநாள் ஊறவைத்து அரை மணித்தியாலம் அவித்த பிறகு. உலர்ந்த சோளம் மீனின் குடலுக்குள் போய் ஊதும்.

கேள்வி: இதே உருண்டைக்குக் கட்லா ஏன் வருவதில்லை?
– வாசகர், முள்ளிப்பொத்தானை

பதில்: கட்லாவின் வாயைப் பாருங்கள், மேல்நோக்கித் திறக்கும். மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. அடியில் கிடக்கும் உருண்டையைத் தேடி இறங்குவது குறைவு. இங்கே இரை கரைய வேண்டும். தவிட்டையும் பாண் தூளையும் தளரப் பிசைந்து, ஈயத்தைச் சுற்றி எலுமிச்சை அளவில் பிடித்து, அதைச் சுற்றி இரண்டு சிறு தூண்டில்களைத் தொங்கவிடுங்கள். மிதப்பை வைத்து மேலிருந்து ஒரு மீற்றர் ஆழத்தில் நிறுத்துங்கள். இரை புகைபோலப் பரவும். அதை உறிஞ்சும்போது தூண்டிலும் சேர்ந்து போகும். கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் எடுத்துப் புதிதாகப் பிடியுங்கள். பெரிய கட்லா என்றாலும் மிதப்பு வெடுக்கென்று தாழாது, மெல்லச் சாயும். சாயும்போதே தூக்குங்கள்.