மாற்றி எந்தப் பெட்டியில் இருக்கிறது?

இசைக் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் சி.டி. பிளேயரின் பின்புறத்தில் சிவப்பு, வெள்ளை நிறங்களில் அனலாக் வெளியீடும், அதன் அருகே ஆப்டிகல் என்று குறிக்கப்பட்ட டிஜிட்டல் வெளியீடும் உள்ளன. ரிசீவரிலும் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஸ்டீரியோ இசை மட்டுமே கேட்கும் எனக்கு எது பொருந்தும்? டிஜிட்டலில்தான் துல்லியம் என்கிறார் நண்பர். அனலாக்கில்தான் இனிமை என்கிறார் மைத்துனர்.

பதில்: இருவரும் கேபிளை வைத்து வாதாடுகிறார்கள். வித்தியாசம் ஏதேனும் இருந்தால் அது கேபிளில் இல்லை, கேபிளின் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளில் இருக்கிறது. சி.டி.யில் பதிந்திருப்பவை எண்கள்: ஒரு சேனலுக்கு வினாடிக்கு 44,100 அளவீடுகள், ஒவ்வோர் அளவீடும் 16 பிட், ஆக இரண்டு சேனல்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 பிட். ஸ்பீக்கருக்கோ எண்கள் புரியா. ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் அதன் கூம்பை அசைக்கும். எனவே வழியில் எங்கேனும் ஓரிடத்தில் எண்கள் மின்னலையாக மாறியே தீர வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மாற்றிக்கு டி.ஏ.சி. என்று பெயர். நீங்கள் சிவப்பு, வெள்ளை கேபிள்களைச் செருகினால் பிளேயருக்குள் இருக்கும் டி.ஏ.சி. அதைச் செய்கிறது, ஆப்டிகல் கேபிளைச் செருகினால் எண்கள் எண்களாகவே கடந்து சென்று, ரிசீவருக்குள் இருக்கும் டி.ஏ.சி.யிடம் சேர்கின்றன. எந்தப் பெட்டியின் மாற்றி மேலானது என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு முடிச்சு உண்டு. ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் பெரும்பாலும், அனலாக் வழியாக வரும் ஒலியை அப்படியே பெருக்கி அனுப்புவதில்லை. சப்வூஃபருக்கான தாழ்சுருதியைப் பிரிக்கவும், அறைக்கேற்பத் திருத்தவும் அதை மறுபடி எண்களாக்கி, கணக்குகளை முடித்துவிட்டு, மீண்டும் மின்னலையாக்குகின்றன. பிளேயரில் ஒரு முறை, ரிசீவரில் இரண்டு முறை என மூன்று மாற்றங்கள்! மைத்துனர் சொல்லும் அனலாக் இனிமை இவ்வளவு சுற்றி வந்த பிறகு எங்கிருந்து வரும்? ரிசீவரில் ‘டைரக்ட்’ அல்லது ‘பியூர் டைரக்ட்’ என்ற நிலை இருந்தால், பெரும்பாலும் அது இந்தச் சுற்றைத் தவிர்க்கும். கூடவே சப்வூஃபர் பிரிப்பும் அறைத் திருத்தமும் போய்விடும். ஆகையால், அந்த வசதிகளைப் பயன்படுத்துவோருக்கு நான் தயங்காமல் டிஜிட்டல் இணைப்பையே சொல்வேன். மாறாக, டிஜிட்டல் வேலை எதுவும் செய்யாத எளிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் கவனமாகத் தயாரிக்கப்பட்ட பிளேயரும் உள்ளவர்கள் அனலாக்கோடு நிம்மதியாக இருக்கலாம். சாதாரண சி.டி.யைவிட உயர்தரத்தில் ஒலி பதித்த எஸ்.ஏ.சி.டி. தட்டுகள் மட்டும் விதிவிலக்கு: அவற்றின் உயர்தர அடுக்கு ஆப்டிகல் வழியாக வெளியே வராது, அதற்கு அனலாக் அல்லது எச்.டி.எம்.ஐ. வேண்டும்.

உங்கள் காதையே நீதிபதியாக்க விரும்பினால், இரண்டு கேபிள்களையும் ஒரே நேரத்தில் இணையுங்கள். ஒரே பாட்டு இரு வழிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும்; ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றினால் போதும். நானும் ஒரு முறை இப்படிக் கேட்டு, ஆப்டிகலில் வீணையின் மீட்டு தெளிவாக இருப்பதாக முடிவு கட்டினேன். பிறகு சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தபோது, ஆப்டிகலில் மின்னழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. அளவில் கிட்டத்தட்ட 1 டெசிபல்; சத்தம் கூடியதாக அது உறைக்காது, ‘தெளிவு’ கூடியதாகத்தான் காதை ஏமாற்றும். அளவைச் சமப்படுத்தி, வேறொருவரை என் முதுகுக்குப் பின்னால் நின்று மாற்றச் சொன்னதும், எது எந்தக் கேபிள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனவே மின்னழுத்த வேறுபாட்டை நூற்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவந்த பிறகே தீர்ப்பு எழுதுங்கள்.

கேள்வி: மடிக்கணினியை ஆம்ப்ளிஃபயருடன் அனலாக் கேபிளால் இணைத்தால் ‘உம்ம்’ என்ற ஓசை விடாமல் கேட்கிறது. விலையுயர்ந்த கேபிள் வாங்கினால் தீருமா?

பதில்: தீராது, பணத்தை எடுத்து வையுங்கள். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓடவிடுங்கள். ஓசை அந்தக் கணமே நின்றால், அது எர்த் சுற்றினால் வரும் கோளாறு. இரண்டு கருவிகளும் தனித்தனியே மின் இணைப்பின் எர்த்துடன் தொடர்பு கொண்டிருக்க, அனலாக் கேபிளின் வெளிக்கூடு அவற்றை இன்னொரு வழியிலும் இணைத்து ஒரு வளையத்தை உண்டாக்குகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டம், மின் வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வையும் அதன் மடங்குகளையும் இசையோடு கலந்துவிடுகிறது. ஓசையை நிறுத்த எர்த் முள்ளை வெட்டி எறிபவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தான அந்த வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இந்த இடத்தில்தான் ஆப்டிகல் உண்மையிலேயே வெல்கிறது. அதில் செல்வது மின்சாரமன்று, பிளாஸ்டிக் இழைக்குள் ஓடும் செந்நிற ஒளி. ஆகவே வளையம் அறுபடுகிறது. மடிக்கணினியில் ஆப்டிகல் வெளியீடு இல்லையென்றால், யு.எஸ்.பி.யிலிருந்து ஆப்டிகலுக்கு மாற்றும் சிறு பெட்டி உதவும். ஆம்ப்ளிஃபயரில் டிஜிட்டல் உள்ளீடே இல்லாதவர்கள், அனலாக் கேபிளுக்கு இடையில் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த தனிமைப்படுத்தியைச் செருகலாம்.

புதிய ஆப்டிகல் கேபிளின் முனைகளில் மெல்லிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஒளி ஊடுருவும் நிறத்தில் இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. அதைக் கழற்றாமல் செருக முயன்று, கேபிள் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் கேபிளை ஸ்டீரியோ டி.ஏ.சி.க்குக் கொடுத்தேன். சில நிகழ்ச்சிகளில் ஒலி வருகிறது, சிலவற்றில் முழு மௌனம்.

பதில்: தொலைக்காட்சியின் ஒலி அமைப்புகளில் டிஜிட்டல் வெளியீட்டைப் ‘பி.சி.எம்.’ (சுருக்காத எண் வடிவம்) என்று மாற்றுங்கள். இப்போது அது சில நிகழ்ச்சிகளின் டால்பி ஒலியைச் சுருக்கிய வடிவிலேயே அனுப்புகிறது, உங்கள் டி.ஏ.சி.க்கு அதைப் பிரிக்கத் தெரியாது.

கேள்வி: விலை கூடிய டிஜிட்டல் கேபிளில் தாழ்சுருதி ஆழமாக ஒலிக்கும் என்கிறார்களே?

பதில்: டிஜிட்டல் கேபிள் கெடும் விதமே வேறு. எண்கள் சரியாகப் போய்ச் சேரும் வரை இசை முழுமையாக இருக்கும். சேராதபோது சொடுக்கு ஒலியும், வெட்டு வெட்டான மௌனமும் வரும். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் மெலிந்து, மற்றவை அப்படியே இருப்பது அதனால் நேராது. எண்கள் வந்து சேரும் நேரத்தில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றமான ஜிட்டரைச் சிலர் காரணம் காட்டுவார்கள். அது உண்மையான பொருள்தான். ஆனால் நன்றாக வடிவமைக்கப்பட்ட டி.ஏ.சி.கள் நேரத்தைத் தாமே சீராக்கிக்கொள்வதால், காதுக்கு எட்டும் அளவில் அது மிஞ்சுவது அரிது. ஒளிக்குப் பதில் உலோகக் கம்பியில் எண்களை அனுப்பும் கோஆக்சியல் இணைப்புக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய வீடியோ பிளேயரோடு வந்த மஞ்சள் முனைக் கேபிள் அதே வகைதான் என்பதால், அலமாரியைத் துழாவிப் பாருங்கள். ஆப்டிகலை 5 மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, மூலைகளில் மடக்காமல் அகலமாக வளைத்து விடுங்கள்.