பிள்ளைகளோடு மரம் பார்க்க: ராமநாதபுரம் கடற்கரைக் கேள்வி பதில்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்டவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

பரமக்குடி: அண்ணே, பிள்ளைகளுக்கு 6 வயசு, 10 வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். எங்கே ஆரம்பிக்கலாம்?

உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை. இந்த மூன்றும் ஒரு காலைப் பொழுதுக்குள் முடியும். ராமநாதபுரத்திலிருந்து ஆறரை மணிக்குக் கிளம்புங்கள். முதலில் உத்தரகோசமங்கை. அங்கே தல விருட்சம் இலந்தை. பிள்ளைகளை இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்: மேலே பச்சை, அடியில் வெளுப்பு, அடியிலிருந்து மூன்று நரம்பு. முள் இரண்டிரண்டாக இருக்கும், ஒன்று நேர், ஒன்று வளைவு. வளைந்த முள்தான் சட்டையைப் பிடித்து இழுக்கும். சிவன் கோயில்களில் தாழம்பூ சாத்துவது வழக்கமில்லை. இங்கே சாத்துகிறார்கள், அதையும் காட்டுங்கள்.

அடுத்து திருப்புல்லாணி, ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலின் அரச மரம். காற்று லேசாக வீசினாலே அரச இலை சலசலப்பது ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். காம்பு நீளம், இலை நுனியில் வால். இலையை நன்றாகப் பார்த்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள். நடை சாத்துவதற்குள் தரிசனத்தையும் முடித்துக்கொண்டு, சேதுக்கரையில் கடல் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மரம் போதும். இருபது பெயர் சொல்லிக்கொடுத்தால் இரண்டுகூடத் தங்காது.

ராமநாதபுரம்: அந்த இலந்தைக்கு 3000 வயசு என்கிறார்களே, அளந்து பார்க்க முடியுமா?

வயதை அளக்க முடியாது, சுற்றளவை அளக்கலாம். நம்மூர் வெயிலிலும் மழையிலும் வளரும் மரங்களில் பெரும்பாலானவற்றில் வருடத்துக்கு ஒரு வளையம் என்று தெளிவாக விழுவதில்லை. அதோடு இலந்தையின் தண்டு பட்டுப்போனாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கண்ணுக்குத் தெரியும் தண்டு ஒரு வயது, அடிவேர் வேறு வயதாகக்கூட இருக்கலாம். கோயில் நம்பிக்கையை நம்பிக்கையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கணக்குப் போட வேண்டாம்.

சுற்றளவு எடுக்க நீட்டிச் சுருங்காத கயிறு வேண்டும், நைலான் கயிறு இழுபடும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 137 சென்டிமீட்டரில், கயிறு சாயாமல் சுற்ற வேண்டும். அந்த இடத்தில் முண்டு இருந்தால் அதற்குக் கீழே மெலிந்த இடத்தில் எடுத்து, எந்த உயரம் என்றும் எழுதிவையுங்கள். உயரம் எழுதாத அளவு அடுத்த வருடம் ஒப்பிட உதவாது. கோயில் மரம் என்றால் முதலில் அர்ச்சகரிடமோ அலுவலகத்திலோ கேளுங்கள். மஞ்சள் கயிறும் தொட்டிலும் கட்டிய மரத்தில் அவற்றைத் தொடாமல் அளக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உயரத்துக்கு ஒரு குச்சி போதும். கையை நீட்டினால் கண்ணிலிருந்து பிடிக்கு எவ்வளவு தூரமோ, பிடிக்கு மேலே அவ்வளவு நீளம் குச்சி தெரிய வேண்டும். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்தபடி, அது மரத்தின் அடிமுதல் நுனிவரை சரியாக மறைக்கும்வரை பின்னால் நகருங்கள். நிற்கும் இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரம்தான் ஏறக்குறைய மரத்தின் உயரம். பின்னால் நகரும்போது சாலையைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழக்கரை: காக்கா, மிஸ்வாக் குச்சி நம்ம ஊர் மரத்திலேயே கிடைக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், உண்மையா?

உண்மைதான். உகாய் என்பது அதே மரம். உப்பும் வறட்சியும் தாங்கும், அதனால் இந்தக் கரையோரம் நன்றாக வரும். கிளைகள் தொங்கிப் புதராக நிற்கும், இலை தடித்து எதிரெதிராக இருக்கும். ஒரு துண்டு இலையை நசுக்கினால் கடுகு நெடி அடிக்கும், அதுதான் சரியான அடையாளம். பக்கத்திலேயே இசங்கு வளரும். அதிலும் இலை எதிரெதிர்தான், ஆனால் கணுவுக்குக் கணு முள் இருக்கும். உகாயில் முள் கிடையாது.

பல் துலக்க விரல் தடிமன் வேரோ கிளையோ போதும். நுனியில் அரை அங்குலம் பட்டையைச் சீவி, மென்று தூரிகையாக்கி, தினமும் அந்த நுனியை வெட்டிப் புதிதாக்க வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் வேரைத் தோண்டினால் மரம் நிற்காது. பிள்ளைகளுக்கு ஒரு சிறு கிளை ஒடித்துக் காட்டினால் போதும்.

திருவாடானை: காரங்காட்டில் படகு ஏறினால் என்ன பார்க்கணும்? போன தடவை "எல்லாம் ஒரே பச்சை" என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள்.

படகில் ஏறுமுன் கரையிலேயே கால் மணி நேரம் நில்லுங்கள். அங்கே உள்ள அலையாத்திக் காட்டில் பெரும்பகுதி வெண்கண்டல் மரம். சேற்றிலிருந்து விரல் தடிமனில் குச்சி குச்சியாக மேலே நீட்டியிருப்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்றில்லை, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அவற்றை மிதித்தால் ஒடியும், மரத்துக்கு மூச்சு முட்டும். பாதையை விட்டு இறங்கவிடாதீர்கள். மழை பெய்து நாளாகியிருந்தால் இலைமேல் உப்புப் பொடி மின்னும். விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் படகோட்டியோ வழிகாட்டியோ மரத்தைக் காட்டிய பிறகுதான். காரணம் தில்லை. அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், சில நேரம் தற்காலிகப் பார்வையிழப்பு. பால் வடிகிற எந்த இலையையும் அங்கே கிள்ளக் கூடாது.

வனத்துறை நடத்தும் இடம். நீர் மட்டத்தைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள், கிளம்புமுன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டை பிள்ளைக்கு லூசாக இருந்தால் வேறு கேளுங்கள், கயிற்றை இறுக்கிச் சமாளிக்காதீர்கள்.

முதுகுளத்தூர்: முள் மரம் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. எது எது?

பூவையும் காயையும் பாருங்கள், முள்ளை நம்பாதீர்கள். நாட்டுக்கருவேல்: மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தது போல இடையிடையே இறுகிய காய். வெள்வேல்: வெளுத்த பட்டை, வெளிர்மஞ்சள் உருண்டைப் பூ. உடை: வெள்ளை உருண்டைப் பூ, தட்டையான குடைத் தலை, தூரத்திலேயே தெரியும். சீமைக்கருவேல்: பூ உருண்டையே இல்லை, விரல் நீளக் கதிர், காய் இடை இறுகாமல் நீண்டு இருக்கும், பழுத்தால் மஞ்சள்.

"சீமைக்கருவேலைப் போய்க் காட்டணுமா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். காட்டத்தான் வேண்டும். இந்த மாவட்டத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம், கண்மாய்களை அடைத்ததும் அதே மரம்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைச் சரணாலயங்களில் பறவைகள் கூடு கட்டும் நாட்டுக்கருவேலையும் பிறகு பார்த்தால் வித்தியாசம் தானாக விளங்கும்.

ரப்பர் செருப்போடு போகாதீர்கள், சீமைக்கருவேல் முள் அதைத் துளைத்துக் காலில் ஏறும். ஏறினால் சோப்புத் தண்ணீரில் கழுவி, இடுக்கியால் முள் ஏறிய கோணத்திலேயே வெளியே இழுங்கள். உள்ளே ஒடிந்துவிட்டாலோ மூட்டுக்குப் பக்கத்தில் குத்தி வீங்கினாலோ வீட்டில் ஊசியால் நோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடி: நம்ம பக்கம் பனைதான் எங்கே பார்த்தாலும். அதில் புதிதாக என்ன காட்ட?

தங்கச்சி, ஒரு வருடம் காட்டலாம். பனைக்கு நான்கு தடவை போங்கள். தை மாதம் பனங்கிழங்கு. மண்ணை அணைத்து விதையைப் பரப்பிய பாத்தியைத் தோண்டும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதைக் காட்டுங்கள், அது இல்லையென்றால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். காலையிலேயே குடிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்.

ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை வந்த பிறகுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம்கூட ஆகும். ஆண் பனையில் விரல் விரலாகக் கதிர், பெண் பனையில் காய்க்குலை. விழுந்து கிடக்கும் மட்டையைப் பிள்ளைகள் ஓடிப்போய்த் தூக்குவார்கள். ஓரத்துக் கருக்கு ரம்பமாக அறுக்கும், முதலில் அதை எச்சரியுங்கள். மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் பன்னாடையை எடுத்து விரித்துக் காட்டுங்கள். நெய்த துணி என்றே நினைப்பார்கள்.

நடவும் செய்யலாம். பழம் விழும் காலத்தில் விதையை எடுத்துச் சதையைக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் வைத்துவிட்டு நேரே மண்ணில் போடுங்கள். அரை அடிக்கு மேல், ஒரு அடிக்குள் ஆழம். விதைக்கு விதை பத்தடி. பையில் முளைக்க வைத்துப் பிறகு நடலாம் என்று நினைப்பவர்கள்தான் தோற்பார்கள். பனை முதலில் கீழே இறங்கும், மேலே ஓலை தெரிய மாதங்கள் ஆகும். பிடுங்கினால் அந்த முளை ஒடியும். மேலே ஒன்றும் தெரியவில்லை என்று தோண்டிப் பார்ப்பதும் அதே தப்புதான். நின்ற பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்தது, பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

மண்டபம்: தனுஷ்கோடிக்குப் போனால் மரமே இல்லையே?

மரம் குறைவுதான், செடி இருக்கிறது. மணல்மேட்டில் ராவணன் மீசை. இலை நுனி ஊசி, முழங்கால் தெரியும் உடுப்பு வேண்டாம். ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியின் கதிர்கள் முள் உருண்டையாகக் காற்றில் உருண்டோடி விதை சிந்தும். பிள்ளைகள் துரத்தட்டும். மணலோடு படரும் அடும்பு, ஊதா மலர், நடுவில் பிளந்த இலை. நெய்தல் நிலப் பாடல்களில் வருவது இதுதான். இவ்விரண்டும் மணலைப் பிடித்துவைக்கின்றன, அதனால் பிடுங்க வேண்டாம். சாலையோரச் சவுக்கு வெளியிலிருந்து வந்தது. இலை போலத் தெரியும் ஊசியைக் கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடி செருகி, எங்கே பிரித்தேன் என்று கேளுங்கள்; அரை மணி நேரம் ஓடும்.

நிழல் கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுங்கள். மாலையில் பாதையை அடைத்துவிடுவார்கள், அதிகாலையே சிறந்தது.

ராமேஸ்வரம்: தீவுக்கே உரிய பயிர் ஏதாவது?

தங்கச்சிமடம் மல்லிகை நாற்று. மதுரை மல்லிகைத் தோட்டங்களுக்கு இங்கிருந்துதான் நாற்று போகிறது. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, குச்சி வேர் பிடிக்கும் பாத்தியைப் பாருங்கள். இன்னொன்று சாயவேர். மணலில் ஒட்டிக் கிடக்கும் சின்னச் செடி, சிறு வெள்ளைப்பூ. துணிக்குச் சிவப்பு ஏற்ற ஒரு காலத்தில் இதன் வேரைத் தோண்டி விற்றார்கள். பார்க்கும்போது தோண்டாதீர்கள், பூவோடு படம் எடுத்தால் போதும்.

தேவிபட்டினம்: இலை ஒட்டும் நோட்டில் எல்லாம் பூஞ்சை பிடிக்கிறது, சார்.

உப்புதான் காரணம். கரையோர இலைமேல் படிந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பழைய செய்தித்தாள் நடுவில் வைத்து, மேலே நாலைந்து செங்கல். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பத்து நாளில் காயும். உமரி போன்ற சதைச் செடிகள் அழுகும், அவற்றை வரைந்துகொள்ளுங்கள்.

ஏர்வாடி: பிள்ளை வாயில் வைத்துவிடுமோ என்று பயம்.

குன்றிமணி, அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, எருக்கம்பால். இந்த ஐந்தையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே முதலில் காட்டுங்கள். குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. விழுங்கினதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், மிச்ச விதையையோ காயையோ எடுத்துக்கொண்டு 108க்கு அழையுங்கள்.

தொண்டி: மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய்ச் செடி பார்க்கலாமா?

அது 1986ல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்கா, 21 தீவுகள். வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, மீனவர் படகில் ஏறிப் போவதும் குற்றம்தான்.

ராமநாதபுரம்: அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்காமல் பார்க்க ஏதாவது?

தெருவிலேயே பூவரசு இருக்கும். காலையில் மஞ்சளாகப் பூத்த பூ சாயங்காலம் செம்மை ஏறி விழும். நாற்காலி போட்டு அம்மா உட்காரட்டும். பூவரச இலையில் பீப்பீ செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இளம் இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக அழுத்தி ஊத வேண்டும். முற்றிய இலை என்றால் சத்தம் வராது.