எந்த வேகத்தைக் கேட்கிறீர்கள்? நிலத்தடி அலைவேகம் பற்றிய கேள்வி பதில்

நிலத்தில் அலையெழுப்பி, அடியிலுள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதைப் பதியும் எதிரொலிப்பு முறையில் பதிவான நில அதிர்வுத் தரவுகளைச் செயலாக்கும் பணியில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளைச் சுருக்கி விடை எழுதியிருக்கிறேன். வெறுமனே "வேகம்" என்று எழுதாமல் எந்த வேகம் என்று குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் பாதிக் கேள்விகளுக்குத் தேவையே இருந்திருக்காது.

கேள்வி: துளையிடாமலேயே நிலத்தடி அலைவேகத்தை எப்படி அறிய முடிகிறது?

ஒரே நிலத்தடிப் புள்ளியைப் பல தொலைவுகளிலிருந்து கேட்பதால்தான். அலையை எழுப்பும் அலைமூலமும், நில அதிர்வைப் பதியும் கருவியான ஜியோஃபோனும் ஒரே இடத்தில் இருந்தால் எதிரொலி 1 வினாடியில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நடுப்புள்ளி மாறாமல் 2,000 மீட்டர் விலக்கினால், அலை சாய்வான நீண்ட பாதையில் போய்வர வேண்டியிருக்கிறது. மேலே உள்ள பாறையின் வேகம் வினாடிக்கு 2,000 மீட்டர் எனில் எதிரொலி 1.414 வினாடியில் வரும். தொலைவு கூடக்கூட இந்தத் தாமதம் ஓர் அதிபரவளைவாக வளைகிறது. அந்த வளைவை நேராக்கும் வேகத்தைத் தேடுவதுதான் எங்கள் அன்றாட வேலை. பல வேகங்களை வரிசையாக இட்டுப் பார்த்து, எந்த வேகத்தில் எல்லாத் தடங்களும் (ஒவ்வொரு ஜியோஃபோனின் பதிவும் ஒரு தடம்) ஒத்து ஒலிக்கின்றன என்பதை அளக்கும் செம்பிளன்ஸ் முறையை டேனரும் கோலரும் 1969இல் வெளியிட்டனர். இன்றும் திரையில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இவ்வாறு கிடைப்பது ஸ்டாக்கிங் வேகம், அதாவது தடங்களை நேராக்கி ஒன்றாகக் கூட்ட உதவும் வேகம். அது தரவை நேராக்கும் எண். பாறையின் வேகம் அன்று. இந்த எச்சரிக்கையை இன்னும் சில முறை எழுத நேரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கேள்வி: டிக்ஸ் சமன்பாட்டைப் பயன்படுத்தி அடுக்குகளின் வேகத்தைக் கணக்கிட்டேன். ஒரே மெல்லிய அடுக்குக்கு ஓரிடத்தில் வினாடிக்கு 3,500 மீட்டரும், அடுத்த இடத்தில் 2,000 மீட்டரும் வருகின்றன. பாறை மாறியிருக்கிறதா?

பெரும்பாலும் மாறியிருக்காது. டிக்ஸ் 1955இல் தந்த சமன்பாடு, இரண்டு ஸ்டாக்கிங் வேகங்களின் வர்க்கங்களை நேரத்தால் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, நேர வேறுபாட்டால் வகுக்கிறது. இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தை மேலும் சிறிய எண்ணால் வகுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1.00 வினாடியில் 2,000, 1.02 வினாடியில் 2,020 என்று எடுத்தால் இடைப்பட்ட அடுக்கின் வேகம் ஏறத்தாழ 2,846. அந்த 2,020ஐ ஒரே ஒரு விழுக்காடு கூட்டிப் படித்தால் 3,505 வரும். ஒரு விழுக்காடு குறைத்துப் படித்தால் 1,990 வரும். நீங்கள் கண்ட இரண்டு பாறைகளும் இந்த ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அதே கணக்கை 0.1 வினாடி தடிமனுள்ள அடுக்குக்குச் செய்தால் பிழை சுமார் ஆறு விழுக்காட்டோடு நின்றுவிடும். ஆகவே அடுக்குகளை மெல்லியதாக நறுக்காதீர்கள். மேலும், அடுக்குகள் கிடையாக இருக்க வேண்டும், அலைமூலத்துக்கும் ஜியோஃபோனுக்கும் இடையிலான தூரம் ஆழத்தை நோக்கச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடுதான் டிக்ஸ் அதைக் கொடுத்தார். மென்பொருளின் பொத்தான் அந்த நிபந்தனைகளைச் சொல்வதில்லை.

கேள்வி: அடுக்கு சாய்ந்திருந்தால்?

ஸ்டாக்கிங் வேகம், சாய்கோணத்தின் கோசைனால் வகுபட்டுக் கூடிவிடும்; லெவின் 1971இல் காட்டியது. 2,500 வேகமுள்ள பாறைக்குக் கீழே 30 பாகை சாய்ந்த அடுக்கு, சாய்வின் திசையில் அளந்தால், ஏறக்குறைய 2,890 என்று காட்டும். பாறை அதே பாறைதான்.

கேள்வி: ஒவ்வொரு பாறைக்கும் உரிய அலைவேகப் பட்டியல் தர முடியுமா?

நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர், உப்புப் பாறையில் சுமார் 4,500 மீட்டர். இவை இரண்டும் நம்பத்தக்கவை. மணற்கல், சுண்ணாம்புக்கல், களிப்பாறை ஆகியவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருக்கின்றன. நுண்துளைகள், அவற்றிலுள்ள பாய்மம், புதைந்த ஆழம் ஆகியவை பாறையின் பெயரைவிட வேகத்தை அதிகம் ஆள்கின்றன.

கேள்வி: கிணற்றில் இறக்கும் சோனிக் லாக் என்ற ஒலி அளவீடு பாறையின் வேகத்தை நேரடியாக அளக்கிறது. அப்படியிருக்க, நீங்கள் தரவிலிருந்து ஊகிப்பது எதற்கு? எங்கள் கிணறு 2,000 மீட்டரில் தொட்ட அடுக்கை, நில அதிர்வுப் படம் 2,190 மீட்டரில் காட்டியது.

இந்தக் கேள்விக்காகவே இந்த அமர்வுக்கு ஒப்புக்கொண்டேன் என்றும் சொல்லலாம். சோனிக் கருவி ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், துளைச் சுவரை ஒட்டிய சிறு பகுதியைக் கிணற்றின் நீளவாக்கில் அளக்கிறது. எங்கள் அலைகள் சில பத்து ஹெர்ட்ஸ் மட்டுமே. அவை மிகப் பெரிய பாறைப் பரப்பைச் சராசரியாக்கி, சாய்வாகச் செல்கின்றன. களிப்பாறையில் அடுக்கின் போக்கில் செல்லும் அலை, அதைக் குறுக்கே கடக்கும் அலையைவிட வேகமாகச் செல்லும். இந்தத் திசைச்சார்பைத் தாம்சன் 1986இல் சில எளிய எண்களாகச் சுருக்கினார். அவற்றில் டெல்டா என்பது நம் வழக்குக்கு உரியது. டெல்டா 0.1 ஆக இருந்தால், தரவை நேராக்கும் வேகம் செங்குத்து வேகத்தைவிட சுமார் 9.5 விழுக்காடு கூடும். அதைக் கொண்டு ஆழம் கணித்தால் 2,000 மீட்டர் 2,190 ஆகும். உங்கள் எண்ணும் அதுவே.

அதே வாசகர் மீண்டும்: அப்படியானால் தவறு உங்கள் பக்கம்தான். சோனிக் வேகத்தையே எங்கும் பயன்படுத்தியிருக்கலாமே?

ஆழத்தைப் பொறுத்தவரை கிணறே நடுவர், அதை மறுக்கவில்லை; மேற்பரப்பில் பதிவான எதிரொலிப்பு நேரங்களை மட்டும் கொண்டு செங்குத்து வேகத்தையும் டெல்டாவையும் பிரித்தறிய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோனிக் வேகத்தைக் கொண்டு தரவை நேராக்க முயன்றால், வேகம் குறைவாக இருப்பதால் தொலைவான தடங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, படம் மங்கிவிடும். ஆழம் சரியாகி அடுக்கே தெரியாமல் போவதில் என்ன பயன்? செங்குத்து வேகத்தைக் கிணற்றிலிருந்தும், நேராக்கும் வேகத்தைத் தரவிலிருந்தும் எடுத்து, இரண்டின் விகிதத்திலிருந்து டெல்டாவைக் கணிப்பதே முறை. கிணற்றுக்குள் ஜியோஃபோனை இறக்கி, மேலே அலையெழுப்பி நேரம் அளக்கும் செக்‌ஷாட் இருந்தால் சோனிக்கைவிட அதையே முதலில் நம்புவேன்; அது எங்கள் அதிர்வெண்ணிலேயே அளக்கிறது.

இன்னொருவர் இடைமறித்து: ஒரு கிணற்றில் கண்ட டெல்டாவை முழுப் பரப்புக்கும் நீட்டுவது அதே குற்றம் அல்லவா?

ஆம், குற்றமே. களிப்பாறையின் தடிமன் மாறும் இடங்களில் டெல்டாவும் மாறும். அடுத்த கிணறு வரும்வரை அது ஒரு கருதுகோள் என்று அறிக்கையில் எழுதிவைக்க வேண்டும், பலர் எழுதுவதில்லை.

கேள்வி: கிரானைட்டின் வேகம் எவ்வளவு? பாசால்ட்டின் வேகம்?

பட்டியல் பற்றிய விடையை மேலே காண்க.

கேள்வி: அடுக்கு எல்லையில் வளைந்து திரும்பும் அலைகளைக் கொண்டு அளக்கும் அலைவிலகல் முறையில் வினாடிக்கு 1,500 மீட்டர் கிடைத்தது. நிலத்தடி நீர் உறுதிதானே?

உறுதி இல்லை. நீர் நிறைந்த தளர்வான மண் அந்த வேகத்தைக் காட்டும். ஆனால் நீரே இல்லாத இறுகிய மண்ணும் சிதைந்த பாறையும் அதே வேகத்தைக் காட்டக்கூடும். மின்தடை அளவீட்டோடு ஒப்பிடுங்கள். வேகமான அடுக்குக்குக் கீழே மெதுவான அடுக்கு ஒளிந்திருந்தால் இந்த முறை அதைக் காணவே காணாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: நிலநடுக்கம் எப்போது வரும் என்று இந்த வேகங்களைக் கொண்டு சொல்ல முடியுமா?

என் துறை அன்று. நிலநடுக்கவியலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டாக்கிங் வேகத்தைப் பாறை வேகமாக எடுத்துக்கொண்டு பாறையின் அடர்த்தியைக் கணிக்கலாமா?

கூடாது. காரணம் முதல் விடையிலேயே இருக்கிறது.

கேள்வி: முழு அலைவடிவ நேர்மாற்றம் வந்த பிறகு, கையால் வேகம் தேர்ந்தெடுக்கும் வேலை முடிந்துவிட்டதா?

டாரன்டோலா 1984இல் வகுத்த அந்த வழி, பதிவான முழு அலையையும் கணிப்பொறியில் மீண்டும் உருவாக்கி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறது. தொடக்க மாதிரியில் கணித்த அலை, பதிவான அலையிலிருந்து அரைச் சுழற்சிக்கு மேல் விலகினால், அது தவறான முகட்டோடு பொருந்தி, நம்பிக்கையோடு தவறான வேகத்தைத் தந்துவிடும். 5 ஹெர்ட்ஸில் அந்த எல்லை 100 மில்லிவினாடி. 20 ஹெர்ட்ஸில் 25 மட்டுமே. தாழ்ந்த அதிர்வெண் தரவில் இல்லையென்றால், அந்த 25க்குள் தொடக்க மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை, அலை வந்து சேரும் நேரங்களிலிருந்து வேக மாதிரியைக் கணிக்கும் டோமோகிராஃபிக்கும், அதற்கு முன்னால் திரையில் அமர்ந்து வேகம் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்குமே எஞ்சியிருக்கிறது.