மேல்மாடி அறை இரவிலும் புழுங்குகிறதா? கூரையைப் பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இரட்டை மாடி டெரஸ் வீடு; இரு பக்கமும் வீடுகள். மேல் அறைகளில் இரவு 11 மணிக்கும் புழுக்கம் தாங்கவில்லை. எங்கள் அறையில் ஏர்கோன் ஓடுகிறது. அம்மாவுக்கு ஏர்கோன் ஒத்துக்கொள்ளாது. சிலிங் மேல் கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரித்தால் பலன் உண்டா? அது குளிர்நாட்டுக்காரர்களுக்கு என்கிறார் கணவர்.

பதில்: நிச்சயம் பலன் உண்டு. அங்கே வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுக்கப் போடுகிறார்கள். இங்கே வெயில் சூடு உள்ளே இறங்காமலிருக்க. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகைதான் வடக்கே. வருடம் முழுக்க உச்சி வெயில் கூரையில்தான் இறங்கும். உங்களுடையது நடுவீடு என்பதால் சுவர்களுக்கு இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம்.

மாலை 4 மணிக்கு உறுதியான ஏணியில் ஏறி உள்ளங்கையை சிலிங்கில் வையுங்கள். பிறகு உள்சுவரில் வையுங்கள். சிலிங்தான் சுடும். பகலெல்லாம் காய்ந்த ஓடு அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி வீசுகிறது. சிலிங் அதை வாங்கி அறைக்குள் விடுகிறது.

ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் கட்டினால் அந்த வீச்சு வெகுவாகக் குறையும். ஆனால் தாளுக்குக் கீழே குறைந்தது 25 மி.மீ. காற்று இடைவெளி வேண்டும். எதிலாவது ஒட்டிக்கிடந்தால் பயனில்லை. பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும், தூசி படியாது.

அம்மாவின் அறைக்குத் தாளும், கூரைக்குள் காற்றுப் போக வழியும் போதும். தடித்த கிளாஸ்வூல் பகலில் காக்கும். இரவில் ஜன்னலை அடைத்தே வைத்தால் உள்சூட்டையும் மெதுவாகத்தான் வெளியே விடும். முதலில் அம்மாவின் அறையைச் செய்யுங்கள். வயதானவர்களின் உடம்பு இரவுச் சூட்டைத் தாங்காது.

ஏர்கோன் அறைக்கு மேலே 100 மி.மீ. கிளாஸ்வூல் விரியுங்கள். மலேசியாவின் எம்.எஸ். 1525 தரநிலை கனம் குறைந்த கூரைக்கு 0.4 என்ற வெப்பக்கடத்தல் அளவை (கூரை வழியே எவ்வளவு சூடு இறங்கும் என்பது; குறைந்தால் நல்லது) உச்சமாக வைக்கிறது. அது அலுவலகம் போன்ற கட்டடங்களுக்கு எழுதப்பட்டதுதான், வீட்டுக்கும் நல்ல அளவுகோல். இந்தத் தடிமன் ஏறக்குறைய தனியாகவே அதை எட்டிவிடும்.

பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்றின் ஈரத்தையும் ஆட்களின் உடல் சூட்டையும் ஏர்கோன்தான் வாங்க வேண்டும். அந்த வேலையை கிளாஸ்வூல் குறைக்காது. 18-இல் வைத்தும் ஆறாத அறை 25-இலேயே குளிரும்போதுதான் மிச்சம் தெரியும்.

ஒழுகும் ஓடுகளை முதலில் மாற்றுங்கள். நனைந்த கிளாஸ்வூல் சூட்டைத் தடுக்காது, கனத்தில் சிலிங்கையும் தொங்கவைக்கும். மூடலாம் என்று குறிப்பிடாத டவுன்லைட்டின் (சிலிங்கில் பதித்த விளக்கு) மேல் விரிக்கக்கூடாது. பழைய சிலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம். சோதிக்காமல் அறுக்கவோ துளையிடவோ விடாதீர்கள்.

தடிமனையும் அடர்த்தியையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் கூரைக்குள் மூலைமுடுக்கெல்லாம் படமெடுத்துக் காட்டச் சொல்லி, பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.