வளராத மகனும் குறுகும் மாமியும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தக்கலைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பதிமூன்றரை வயது, 145 செ.மீ. உயரம். போன வருஷம் இதே மாதம் 140.5 இருந்தான். வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். என் அண்ணன் மகள் அவனைவிடப் பத்து மாதம் இளையவள். வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இவனைவிட நாலு விரற்கடை உயரம். கல்யாண வீட்டில் இரண்டு பேரையும் முதுகோடு முதுகு நிறுத்தி அளந்தார்கள். "மக்களே, இவனுக்கு பொக்கமே வைக்கல்லியே, என்னதான் குடுக்கிய?" என்று கேட்டார்கள். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

அவன் அப்பா 170, நான் 152. முற்றத்தில் கம்பி கட்டித் தொங்கச் சொல்கிறார் அவன் அப்பா. உயரம் கூட்டும் பவுடரும் ஒரு டின் வாங்கினோம். ஊசி போட்டால் மூன்று மாதத்தில் வளர்வான் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். என்ன ஊசி என்று சொல்லவில்லை.

இன்னொன்று. என் மாமிக்கு 74 வயது. முதுகு வளைந்து, ஆள் குறுகிக்கொண்டே வருகிறார். முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லை. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஊசி. வேண்டவே வேண்டாம். பெயர் சொல்லாத ஊசியோ பொடியோ லேகியமோ எதுவும் அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் போகக் கூடாது. நம் எலும்பு நீள்வது அதன் நுனிகளுக்குப் பக்கத்தில் உள்ள குருத்தெலும்புத் தட்டில். அந்தத் தட்டு முழுக்க எலும்பாகி மூடிவிட்டால் உயரம் அத்தோடு முடிந்தது. மூடவைப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், ஆண்களிலும் அதுதான். 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆளைப் பற்றி எழுதினார்கள். ஈஸ்ட்ரோஜன் அவர் உடலில் வேலையே செய்யவில்லை. 28 வயதில் 204 செ.மீ. உயரத்தில் இருந்தார், தட்டுகள் அப்போதும் மூடவில்லை. ஆண் ஹார்மோன் கலந்த ஊசி போட்டால் அதில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும். பையன் சட்டென்று வளர்வான், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும், தட்டு காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். எட்ட வேண்டிய உயரம் கிடைக்காமலே போகும். நிபுணர் சோதித்து, அளவு பார்த்து, தேவைப்படும் சிலருக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சை வேறு.

கம்பியில் தொங்குவதால் தோளுக்கு நல்லது, உயரத்துக்கு ஒன்றும் இல்லை. பிடித்திருந்தால் தொங்கட்டும். பவுடருக்குக் கொடுக்கும் காசில் சாளையும் நெத்தோலியும் முட்டையும் பயறும் வாங்கலாம். மரச்சீனிக் கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அதை மீன்கறியோடு தின்னும் நம் ஊர் வழக்கம் நல்ல வழக்கம். நெத்தோலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும்.

இனி அவன் ஏன் பின்தங்கித் தெரிகிறான் என்பது. பிறக்கும்போது குழந்தை சுமார் 50 செ.மீ. முதல் வருஷத்தில் மட்டும் 25 செ.மீ. வளர்கிறது, இரண்டாம் வருஷத்தில் 12. அதன்பிறகு வேகம் இறங்கி, பள்ளி வயதில் வருஷத்துக்கு ஐந்தாறு செ.மீ. என்று நிற்கும். பிரான்சில் மோன்பெய்யார் என்பவர் 1759இல் பிறந்த தன் மகனைப் பதினெட்டு வருஷம் விடாமல் அளந்து குறித்துவைத்தார். அந்தக் கணக்கைப் படமாக வரைந்தால், இறங்கிக்கொண்டே வந்த வேகம் பருவ வயதில் திடீரென்று மேலே எழுவது தெரியும். தாமதமாகப் பூப்படையும் பையனுக்கு அந்த எழுச்சி வரும்வரை வேகம் இறங்கிக்கொண்டே இருக்கும், நாலரை செ.மீ. வரைகூட. அதே வருஷத்தில்தான் கூடப் படிக்கிறவர்கள் எட்டு, ஒன்பது என்று எகிறுவார்கள். ஆகவே இடைவெளி மிகப் பெரிதாகத் தெரிவது, அவன் எழுவதற்குச் சற்று முன்னால். கல்யாண வீட்டில் சரியாக அந்த நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். இது எனக்குக் கோபம் தருகிறது. ஒரு பிள்ளையின் உடம்பைப் பந்தியில் வைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த முறை அவன் காதுபட நீங்கள் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகளோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இந்த எழுச்சி சுமார் இரண்டு வருஷம் முன்னதாக வருகிறது. வயசுக்கு வரும் நேரத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு பொதுவாக ஐந்து முதல் ஏழு செ.மீ. வளர்ச்சிதான் மிச்சம். உங்கள் மகனுக்கோ இனிதான் ஆரம்பம். அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி, பையன் என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுப்பார்கள். உங்கள் கணக்கில் 167.5 செ.மீ. எட்டு செ.மீ. அப்படி இப்படி ஆகலாம்.

வீட்டிலேயே அளங்கள். செருப்பில்லாமல், குதிகால் சுவரை ஒட்டி, காலை நேரத்தில். சாயங்காலம் யாருமே ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்திருப்போம், முதுகெலும்பின் இடைவட்டுகள் பகலில் அமுங்குவதால். கதவில் கோடு போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும், தினமும் வேண்டாம். அவன் செருப்பையும் கவனியுங்கள். பாதம்தான் முதலில் வளரும், பிறகு கால், கடைசியாக உடல்.

நான் மருத்துவன் இல்லை. ஆகவே இதைக் கட்டாயம் செய்யுங்கள்: வருஷத்துக்கு நாலு செ.மீ.யும் வளராவிட்டால், 14 வயது முடிந்தும் பூப்பின் அடையாளமே இல்லாவிட்டால் (பையன்களில் முதல் அடையாளம் விதை பெரிதாவது, மீசையும் குரலும் பின்னால்தான்), அடிக்கடி தலைவலியோ வாந்தியோ பார்வை மங்கலோ ஓயாத வயிற்றுப்போக்கோ இருந்தால், குழந்தை மருத்துவரிடம் போங்கள். இடது கை மணிக்கட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். எலும்பு 11 வயதுக்காரனுடையதுபோல் இருந்தால் அவன் வளர இன்னும் காலம் இருக்கிறது என்று பொருள். தைராய்டும் பார்ப்பார்கள்.

மாமி விஷயத்தை விட்டுவிட முடியாது. நாற்பதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு செ.மீ. அளவில் எல்லோருக்கும் குறைகிறது. ஆனால் இளமையின் உயரத்திலிருந்து நாலு செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கி அமுங்கியிருக்கலாம். விழாமலே, பெரிய வலி இல்லாமலே அது நடக்கும். அதனால்தான் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாமல் போகிறது. மாமியின் இளமை உயரம் யாருக்கு நினைவிருக்கும் என்று கேட்பீர்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளங்கள். ஏறக்குறைய அதுதான் அவர் பழைய உயரம், கை எலும்பு குறுகுவதில்லை. வித்தியாசம் அதிகமென்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முதுகு எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு சத்திழந்து மெலிவதற்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து உண்டு. அடுத்த முறிவைத் தடுக்க முடியும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்து முற்றம் பாசி பிடித்துக் கிடக்கும். அதைத் தேய்த்துக் கழுவுங்கள், குளியலறையில் பிடிமானம் வையுங்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிவு ஆளைப் படுக்கையில் போட்டுவிடும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் எலும்பு வேகமாகக் கரைகிறது. கரைய எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது சிறுவயதில் சேர்ந்ததைப் பொறுத்தது. ஒருவரின் எலும்புச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கு, வேகமாக வளரும் அந்த இரண்டு வருஷத்தைச் சுற்றியே சேர்கிறது. உங்கள் அண்ணன் மகள் இப்போது அந்த வருஷங்களில் இருக்கிறாள். வயசுக்கு வந்துவிட்டாள் என்று ஓட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்தியிருந்தால், உங்கள் அண்ணனிடம் பேசித் திரும்ப விளையாட விடச் சொல்லுங்கள். ஓடுவதும் குதிப்பதும் அவள் எலும்புக்கு இப்போது சோறுபோல வேண்டும்.

மாமியிடம் ஒன்று கேட்டுவையுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குக் குரல் உடைந்தது எந்த வகுப்பில், பேன்ட் சட்டென்று சிறிதானது எப்போது? தாமதப் பருவம் பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது. குழந்தை மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் இருக்கும்.