அயர்லாந்தின் சமூக மாற்றத்தைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சமூகவியலில் இளங்கலை முடித்த தங்கள் மகள் டப்ளினில் முதுகலை படிக்க விரும்புவதையும், "ஒரு சின்ன நாடு எப்படி மாறியது என்று படித்து யாருக்கு என்ன பயன்?" என்று தாங்கள் கேட்டிருப்பதையும் வாசித்தேன். செலவைப் பற்றிய தங்கள் அச்சம் நியாயமானது. பாடத்தைப் பற்றிய அச்சம் அவ்வளவு நியாயமானதன்று.

1973 வரை அயர்லாந்தில் அரசு அலுவலகப் பெண் ஊழியர் திருமணமானதும் வேலையை விட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. விவாகரத்துத் தடையை நீக்க 1986 பொதுவாக்கெடுப்பில் மறுத்த மக்கள், 1995-இல் நூலிழை வித்தியாசத்தில் இசைந்தார்கள். 2015-இல் தன்பாலினத் திருமணத்தை 62 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். இவற்றை மட்டும் அடுக்கிவிட்டு, கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியில் இருந்த பழைய அயர்லாந்து மறைந்துவிட்டது என்று எழுதும் மாணவர் தேர்வில் தேறலாம். ஆய்வாளர் ஆவது கடினம்.

பள்ளிகளைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்று பதிந்தவர்கள் 2016-இல் 79 விழுக்காடு, 2022-இல் 69 விழுக்காடு. ஆனால் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இன்றும் திருச்சபையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. இடம் பற்றாத கத்தோலிக்கப் பள்ளிகள் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர 2018 வரை சட்டம் அனுமதித்தது. ஆகவே தேவாலயத்தின் பக்கமே போகாத பெற்றோர் சிலரும் பள்ளி இடத்துக்காகப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்து வைத்தார்கள். (பள்ளி இடத்துக்காகப் பெற்றோர் படும் பாடு தாங்கள் அறியாததல்ல.) அந்த விதி போன பிறகும், எட்டு வயதில் வரும் முதல் நற்கருணை என்ற கத்தோலிக்கச் சடங்குக்கான தயாரிப்பு அப்பள்ளிகளில் வகுப்பு நேரத்திலேயே நடக்கிறது. நம்பிக்கை தளர்ந்த பின்னும் நிறுவனம் நிற்கிறது என்றால், அதைத் தாங்கி நிற்பது எது? கனடாவின் கியூபெக்கும் ஆழ்ந்த கத்தோலிக்கச் சமூகமே. அங்கே 1964-இல் அரசு கல்வி அமைச்சகம் அமைத்து, கல்வியைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. போலந்திலோ, 2020-இல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் கருக்கலைப்புச் சட்டத்தை மேலும் இறுக்கியது. அயர்லாந்து மக்கள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தங்கள் தடையை வாக்களித்து நீக்கியிருந்தார்கள். ஒரே திருச்சபை, மூன்று பாதைகள். இந்த ஒப்பீட்டைப் புள்ளிவிவரத்தோடு செய்யத் தெரிந்தவருக்குக் கொள்கை ஆய்வு நிறுவனங்களிலும், கணக்கெடுப்புத் துறையிலும், தொண்டு நிறுவனங்களின் மதிப்பீட்டுப் பணியிலும் இடம் உண்டு. அந்த வேலைகள் டப்ளினில் மட்டுமல்ல, சென்னையிலும் தில்லியிலும் இருக்கின்றன.

ஆயினும், ஒரு செய்தியை மறைக்க விரும்பவில்லை. முதுகலை முடித்தவர் அயர்லாந்தில் வேலை தேட இரண்டு ஆண்டுகள் வரை தங்க அனுமதி உண்டென்றாலும், கணினித் துறையினருக்குக் கிடைக்கும் வேகத்தில் சமூகவியலாளருக்கு வேலை அமைவதில்லை. அந்த நாட்டுச் சம்பளத்தை நம்பி வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க வேண்டாம். உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பிக்கட்டும். புள்ளியியல் ஆய்வுமுறைத் தாள் இல்லாத பாடத்திட்டத்தைத் தவிர்க்கட்டும். அயர்லாந்தின் 2022 கணக்கெடுப்பு அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு சமயமும் வயதும் பற்றி நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை மகள் எழுதி அனுப்பினால், வாசித்துவிட்டு, எந்தப் பாடப்பிரிவு பொருந்தும் என்று அவரிடமே பேசுகிறேன்.